மார்கழிப் பூவுக்கு விதை புரட்டாசியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நெருங்கும்போது சென்னையிலும் புறநகரிலும் சின்ன வேன்களில் பெட்டூனியா, சால்வியா, டயாந்தஸ் போன்ற குளிர்காலப் பூச்செடிகள் கறுப்புக் கவரோடு, பூத்த நிலையிலேயே வந்து இறங்குகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், பள்ளிகள், உள்ளாட்சிப் பூங்காக்கள் என்று எல்லோரும் வாங்கி, கையளவு குழி தோண்டி வைத்துவிடுகிறார்கள். மாசி பிறப்பதற்குள் பாதிச் செடி காய்ந்துவிடும். "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த தையில் மறுபடியும் அதே வேனுக்குக் காத்திருப்பார்கள்.

வெயிலின் மேல் பழி போடுவது நியாயமில்லை. சமவெளியில் குளிர்காலப் பூக்களுக்குக் கிடைக்கும் காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து பங்குனி நடு வரை, ஏறக்குறைய 100 நாள். பூத்த செடியைத் தை நடுவில் வாங்கினால் அதில் பாதி போய்விட்டது. மீதியில் இரண்டு வாரம் செடி புது இடத்துக்குப் பழகுவதில் கழியும். அதற்குள் வெயில் ஏறிவிடும். ஆகவே பாத்தி எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது பொங்கல் கால வாங்கல் அல்ல, புரட்டாசி விதைப்பு. இதைப் பலரும் அறியாததால்தான் இந்த நீண்ட கடிதம்.

பூக்க வேண்டிய நாளை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும். பெட்டூனியா விதைத்ததிலிருந்து முதல் பூவுக்கு 80 முதல் 90 நாள் எடுக்கும். மார்கழி நடுவில் பூ வேண்டுமானால் அக்டோபர் முதல் வாரத்தில், அதாவது புரட்டாசி மூன்றாம் வாரத்தில், விதை தட்டில் விழுந்திருக்க வேண்டும். டயாந்தஸும் சால்வியாவும் ஏறக்குறைய அதே அளவு நாள் கேட்பவை. அக்டோபர் நடுவில் போட்டால் ஜனவரி முதல் வாரத்தில் பூக்கும். உயரமான செண்டுமல்லிக்கு 65 முதல் 70 நாள், குட்டை ரகச் செண்டுமல்லிக்கு 45 முதல் 50 நாள். பொங்கலன்று வாசல் பாத்தி மஞ்சளாக நிற்க வேண்டுமானால் உயர ரகத்தை நவம்பர் 5 வாக்கிலும் குட்டை ரகத்தை நவம்பர் 20-ஐ ஒட்டியும் விதையுங்கள். ஜினியா, காஸ்மாஸ் இரண்டும் அவசரக்காரச் செடிகள், 50 நாளில் பூத்துவிடும். அவற்றை முதல் சுற்றில் சேர்க்காமல் மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சாமந்திக் கணக்கு வேறு. அதை ஜூன், ஜூலையிலேயே நட்டு, நான்காம் வாரம் நுனி கிள்ளி, கிளைக்க விட்டிருக்க வேண்டும். இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். தெருவிளக்கோ வாசல் போகஸ் விளக்கோ இரவு முழுதும் மேலே படும் இடத்தில் நட்ட சாமந்தி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும், மொட்டு வராது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள். விளக்கை மறைத்தால் போதும். உயர ரகச் செண்டுமல்லிக்கும் காஸ்மாஸுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு.

விதைப்பு மழைக்காலத்தில் விழுகிறது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. திறந்த வெளியில் நாற்று விட்டால் ஒரே இரவில் போய்விடும். மூங்கிலோ பி.வி.சி. குழாயோ வளைத்து 200 மைக்ரான் யூ.வி. பாலித்தீன் விரிப்பைச் சாய்வாகக் கட்டி, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். பக்கம் மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி நாற்றழுகல் வரும். பச்சை நிழல்வலை, விதை முளைக்கும் வரை மட்டும் இருக்கட்டும். முளைத்த பிறகும் வலையை எடுக்காவிட்டால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகி, தண்டு நூலாகிச் சாய்ந்துவிடும். மழைநாளில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

98 குழிகளுள்ள நாற்றுத்தட்டு (குழித்தட்டு) செண்டுமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் சரி. தட்டுக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ மக்கிய தென்னை நார்க்கழிவு பிடிக்கும். கடையில் வாங்கும் 5 கிலோ கட்டியை ஊற வைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். அதை அப்படியே நிரப்பாதீர்கள். அதில் உப்பு இருக்கும். மூன்று முறை தண்ணீர் விட்டு வடித்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். கழுவாத நார்க்கழிவில் முளைத்த நாற்றின் இலை நுனி பத்து நாளில் கருகும். மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு சலித்த மண்புழு உரம் போதும்.

பெட்டூனியா விதை தூசி போன்றது, ஒரு கிராமில் பத்தாயிரம் அளவுக்கு இருக்கும். செண்டுமல்லியில் அதே கிராமுக்குச் சுமார் 300-தான். பெட்டூனியா விதையை இரண்டு கரண்டி உலர்ந்த நைசான மணலோடு கலந்து, ஈரமான தட்டின் மேல் உப்புத் தூவுவது போல் தூவி அப்படியே விடுங்கள். மேலே மண் போடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். சால்வியா, அலிசம் இரண்டுக்கும் இதேதான். பிளாக்ஸுக்கு நேர் எதிர். அரை சென்டிமீட்டர் மண்ணால் மூடி இருட்டாக்க வேண்டும். மேல் பூச்சு பூசிய உருண்டை விதையாக வந்தால், அந்தப் பூச்சு கரையும் வரை முதல் மூன்று நாள் மேற்பரப்பு காயவே கூடாது. பாதி கரைந்து காய்ந்த உருண்டைக்குள் முளை செத்துவிடும். கடைக்காரர் விதை சரியில்லை என்று நாம் சொல்வோம், நாம் தண்ணீர் விடவில்லை என்று அவர் சொல்வார். பெரும்பாலும் அவர் பக்கம்தான் நியாயம்.

தண்ணீர் மேலிருந்து பூவாளியில் ஊற்றாமல், தட்டை ஓர் அங்குலத் தண்ணீருள்ள அகலப் பாத்திரத்தில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். நாற்றின் கழுத்து கறுத்து, நூல் போல் மெலிந்து, வட்டம் வட்டமாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமான விதைப்பு, காற்றில்லாத இடம், எப்போதும் ஊறிய ஈரம் மூன்றும் சேர்ந்த விளைவு அது. விழுந்த பகுதியைச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் சேர்த்து அள்ளி எறிந்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர் நனைய ஊற்றலாம். நாற்றழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடி கலந்த நார்க்கழிவில் இந்த மருந்தை ஊற்றினால் அந்தப் பூஞ்சையும் பாதிக்கப்படும்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் கணிப்பில் முன்கூட்டியே டிரைகோடெர்மா கலப்பவருக்குக் காப்பர் தேவைப்படுவது அரிது.

இனி பாத்தி. இடம் பார்ப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இடத்தைச் சித்திரையில் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் உச்சிவேளையிலேயே அது 54 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. பத்தடி மதிலின் வடக்குப் பக்கம் நண்பகலில் ஏழடிக்கும் மேல் நிழல் விழும். முப்பதடி உயர வீடாக இருந்தால் இருபத்திரண்டு அடி. சித்திரையில் தலைக்கு மேல் வெயில் கொளுத்திய அதே இடம் மார்கழியில் நாள் முழுதும் நிழல். அங்கே நட்ட செண்டுமல்லி கொடி போல் நீண்டு இரண்டு பூவோடு நின்றுவிடும். நேரடி வெயில் ஆறு மணி நேரம் கிடைக்கும் தெற்கு அல்லது கிழக்குப் பக்கத்தை எடுங்கள். மூன்று, நான்கு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் சால்வியா, காசித்தும்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் குறைவென்றால் பூவை மறந்துவிட்டு இலை நிறத்துக்குக் கோலியஸ் வையுங்கள்.

அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடு வரை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மிதித்தால் மண் இறுகும். 10 அடிக்கு 4 அடிப் பாத்தியை 8 அங்குலம் உயர்த்த 27 கன அடி மண் கலவை பிடிக்கும், கால் யூனிட்டுக்குச் சற்று மேல் (நூறு கன அடி ஒரு யூனிட்). இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு பெருமணல். ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம்.சாண்டைக் கொட்டுகிறார்கள். அதிலுள்ள கல்தூள் மண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். கழுவிச் சலித்துப் போட்டால் பரவாயில்லை. இல்லாவிட்டால் மணலுக்குப் பதில் கழுவிய நார்க்கழிவே நல்லது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அடியில் களிமண் என்பதால் உயரத்தைப் பத்து அங்குலமாக்கி, பாத்திகளுக்கிடையே தண்ணீர் ஓடச் சரிவு கொடுக்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் தண்ணீர் தேங்காது, உரமும் தங்காது. அங்கே மணல் சேர்க்கத் தேவையில்லை, தொழு உரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

தொழு உரம் மக்கியதுதானா என்று கையில் எடுத்துப் பாருங்கள். சாண நாற்றமோ சூடோ இருந்தால் வேண்டாம். பச்சைச் சாணம் வேரை வேக வைக்கும், கூடவே விரலளவு வெள்ளைப் புழுக்களைக் கொண்டுவரும். அவை வேரைத் தின்று முடித்த பிறகு செடி சாயும்போதுதான் நமக்குத் தெரியும். 40 சதுர அடிக்கு 400 கிராம் வேப்பம் பிண்ணாக்குத் தூளை மேல் மண்ணில் கொத்திக் கலந்து, நடுவதற்கு மூன்று வாரம் முன்பே பாத்தியைத் தயாராக விட்டுவிடுங்கள். மழையில் ஓர் அங்குலம் இறங்கும், இறங்கட்டும். முளைக்கிற களையையும் அந்த மூன்று வாரத்தில் பிடுங்கிவிடலாம்.

எப்போது நடுவது? சென்னைக்காரர்களுக்கு இதில் எச்சரிக்கை தேவை. 2015 வெள்ளம் டிசம்பர் முதல் நாளில் பெருகியது. 2016-இல் வர்தா டிசம்பர் 12 அன்று கரை கடந்தது. 2023-இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரத்தில் ஊரை மூழ்கடித்தது. நவம்பர் கடைசியில் வெயில் அடித்தது என்று எல்லா நாற்றையும் பாத்தியில் இறக்குவது சூதாட்டம். பாதியை டிசம்பர் முதல் வாரத்திலும் கால் பங்கைப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தும் நடுங்கள். மீதிக் கால் பங்கை நான்கு அங்குலக் கவரில் மாற்றிக் கூரையின் கீழ் வைத்திருங்கள். புயல் வராவிட்டாலும் இடையில் செத்த இடங்களை நிரப்ப அது உதவும். கோவை, திருப்பூர்ப் பக்கம் மழை குறைவு, இரவு குளிர்ச்சி சற்று அதிகம் என்பதால் நவம்பர் மூன்றாம் வாரமே நடலாம்.

நடவு மாலையில்தான். முந்தைய நாளே பாத்தியை நனைத்திருக்க வேண்டும். இடைவெளி: அலிசத்துக்கு 6 அங்குலம், குட்டைச் செண்டுமல்லிக்கும் சால்வியாவுக்கும் 8 முதல் 10, பெட்டூனியாவுக்கு 10 முதல் 12, உயரச் செண்டுமல்லிக்கு 15. பத்து அங்குல இடைவெளியில் நமது 40 சதுர அடிப் பாத்திக்கு 58 செடி பிடிக்கும். வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரக விதையானால் 80, நாட்டு விதையானால் 120 விதைத்தால் கணக்கு சரியாக வரும். நட்ட அன்று பார்க்கப் பாத்தி காலியாகத் தெரியும், அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் இடையில் செருகுகிறவர்கள்தான் தையில், இலையில் வெண்பொடி படியும் சாம்பல் நோய்க்கு மருந்து தேடுகிறார்கள்.

வரிசைக்கு வரிசை முக்கோணமாக மாற்றி நடுங்கள், மண் சீக்கிரம் மறையும். எல்லா நிறமும் கலந்த பாக்கெட் எனக்கு உடன்பாடில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், எதுவும் கண்ணில் நிற்காது. ஒரே நிறம் குறைந்தது 15 செடியாவது ஒரு திட்டாக இருக்கட்டும். பின்னால் ஆரஞ்சுச் செண்டுமல்லி, நடுவில் ஊதாப் பெட்டூனியா, விளிம்பில் வெள்ளை அலிசம் என்றால் மூன்றே வகையில் பாத்தி நிறைந்துவிடும். செடியால் ஊர்ப்பெயர் எழுதும் வேலையை விட்டுவிடுங்கள். மூன்று வாரத்தில் எழுத்து கலைந்து, எந்தப் பெயர் என்று தெரியாமல் போகும்.

செண்டுமல்லியை நுனி கிள்ள வேண்டும். முதல் மொட்டையும் சேர்த்துத்தான். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டில் பெரிய பூ ஒன்றைத் தூக்கிக்கொண்டு காற்றில் சாயும். பெட்டூனியாவை ஆறு இலைப் பருவத்தில் கிள்ளுங்கள். கோழிக்கொண்டையை மட்டும் கிள்ள வேண்டாம், நடுக் கொண்டை போனால் அழகே போயிற்று. அது குழித்தட்டில் அதிக நாள் கிடந்து வேர் சுருண்டுவிட்டால் விரலளவு செடியிலேயே கொண்டை வைத்து அப்படியே நின்றுவிடும். ஆகவே நான்கு வாரத்துக்குள் பாத்திக்கு மாற்றுங்கள். காஸ்மாஸுக்கு உரமே அதிகம் கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் ஐந்தடி உயரப் பசுமையும் நான்கு பூவும்தான் கிடைக்கும்.

மற்றவற்றுக்கு நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். இயற்கை வழி விரும்புவோர் 100 கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். அல்லது பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மி.லி. தெளிக்கலாம். பெட்டூனியாவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது உரக் குறைவு அல்ல. சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் இரும்பை வேரால் எடுக்க முடியவில்லை. அன்னபேதி உப்பு (இரும்புச் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலைமேல் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். கட்டட வேலை நடந்த வீடுகளில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் விழுந்த மண்ணில் இது கட்டாயம் வரும். அந்த மேல் மண்ணை ஒரு அடி அள்ளி வெளியே போட்டுவிடுவதுதான் தீர்வு.

தண்ணீர் காலையில் விடுங்கள். மார்கழிப் பனி இலையில் விழுகிறது. மாலையிலும் நனைத்தால் இலை இரவெல்லாம் காயாமல் ஜினியாவில் கரும்புள்ளியும் பெட்டூனியாவில் பூ அழுகலும் வரும். பனியோடு பகல் வறட்சியும் சேரும் தையில் சாம்பல் நோயும் சேர்ந்துகொள்ளும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அதற்குப் போதும். ஆனால் வேப்ப எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகத்தைத் தொடாதீர்கள், இலை கருகிவிடும். கடலோரப் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பென்றால் பெட்டூனியாவை விட்டுவிட்டு வாடாமல்லி, கைலார்டியா போடுங்கள், அவை தாங்கும். ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் 'சேமிப்பு' என்று பாத்திக்கு விடுகிறார்கள். வீட்டுத் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் நத்தை ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றை மேய்ந்துவிடும். பப்பாளித் தண்டுத் துண்டுகளை மாலையில் பாத்தியோரம் போட்டு, இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துப் போனால் மொத்தமாகப் பொறுக்கலாம். கையுறை அவசியம். பாத்தியைச் சுற்றி உப்புக் கோடு போடுகிறவர்களுக்கு நத்தையோடு செடியும் போகும். பொறுக்கியதை வாளியில் உப்புத் தண்ணீரில் போடுவதோடு நிறுத்துங்கள்.

வாடிய பூவை எடுக்கும்போது இதழை மட்டும் பிய்த்தால் பயனில்லை. அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தோடு கிள்ள வேண்டும், விதை அதற்குள்தான் உருவாகிறது. விதை பிடித்த செடி கடமை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். தை மூன்றாம் வாரத்தில் பெட்டூனியா நடுவில் வெறுமையாகி, நுனியில் மட்டும் பூக்கும். அப்போது துணிந்து பாதி உயரத்துக்கு வெட்டி உரத் தண்ணீர் ஊற்றினால் மூன்று வாரத்தில் மறுபடி நிறைந்து, மாசிக் கடைசி வரை நிற்கும். வெட்டத் தயங்குகிறவர்கள் மாசியில் குச்சியைத்தான் பார்ப்பார்கள்.

மாசி, பங்குனி நிறத்துக்கான இரண்டாம் விதைப்பு மார்கழித் தொடக்கம் முதல் தை முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். ஜினியா, காஸ்மாஸ் விதையை நேரடியாகப் பாத்தியிலேயே ஊன்றி, முளைத்த பின் ஓர் அடிக்கு ஒன்று விட்டுக் கலைத்துவிடுங்கள். பிடுங்கி நட்டால் அவற்றின் வேர் முகம் சுளிக்கும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் தட்டில் வளரலாம். மார்ச் வெயில் ஏறியதும் இலையின் அடியில் சிவப்புச் சிலந்தி வலை பின்னும், இலை மணல் தூவியது போல வெளுக்கும். காலையில் குழாய்த் தண்ணீரை அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். பூச்சிக்கொல்லி அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிதான் முதலில் சாகும். பெட்டூனியா அந்த நேரம் விடைபெறும், அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். பிடுங்கிவிட்டு நித்தியகல்யாணி நாற்றும் பத்துமணிப் பூத் தண்டும் வையுங்கள். நித்தியகல்யாணியை முன்பே மழையில் நட்டால் தண்டழுகி விழும். வெயில்தான் அதற்கு வீடு.

கடையில் பூத்த செடிதான் கிடைக்கிறது என்றால், குறைந்தது சில விஷயங்களைப் பாருங்கள். பூ நிறைந்ததை விட்டுவிட்டு மொட்டு மட்டும் உள்ளதை எடுங்கள். கவரைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாகத் தெரிய வேண்டும், பழுப்பென்றால் வேண்டாம். ஆந்திரத்துக் கடியம் பகுதியிலிருந்து வருபவை களிமண் உருண்டையோடு வரும். உங்கள் மண் கலவை லேசாக இருந்தால் தண்ணீர் அந்த உருண்டைக்குள் நுழையாமல் சுற்றியே ஓடிவிடும். ஆகவே முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் வைத்து ஊறவிட்டு, உருண்டையின் அடியை விரலால் உதிர்த்து நடுங்கள். குளிர்ச்சியான பசுமைக்குடிலில் வளர்ந்தவற்றை நான்கைந்து நாள் பாதி நிழலில் வைத்துப் பழக்கிய பிறகுதான் பாத்தி. நடும் அன்றே உள்ள பூக்கள் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பூவைக் கிள்ள யாருக்கும் மனம் வராது. கிள்ளாத செடி வேர் விடாது.

ஊட்டியில் பார்த்த பான்சியையும் பிளாக்ஸ் திட்டுகளையும் நினைத்துக்கொண்டு சமவெளியில் பான்சி தேடுகிறவர்களுக்கு ஒன்று. 1848-இல் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்கான நாற்றுகள் குளிர்காலத்திலேயே வளர்க்கப்படுகின்றன. அங்கே எதிரி மழையல்ல, உறைபனி. இரவில் நாற்றை மூடி, காலையில் வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். பான்சிக்கு வேண்டியது அந்த இரவுக் குளிர். சென்னையின் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஓசூரிலும் ஏற்காட்டிலும் பான்சி வரும், தாம்பரத்தில் வராது. பிளாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. டிசம்பரில் நேரடியாக விதைத்தால் சமவெளியிலும் பிப்ரவரியில் பூக்கும்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் கேட்பது இதுதான். பூங்காப் பூச்செடிக்கான ஒப்பந்தப்புள்ளியை மார்கழியில் கோராதீர்கள், ஆவணியில் கோருங்கள். செடியின் எண்ணிக்கையோடு விதைப்புத் தேதி, கவர் அளவு, 'மொட்டு நிலையில்' என்ற நிபந்தனை மூன்றையும் எழுதுங்கள். வழங்கும் நாளை டிசம்பர் இரண்டாம் வாரம், பிப்ரவரி முதல் வாரம் என்று இரண்டாகப் பிரியுங்கள். அருகிலுள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் முன்கூட்டியே கேட்டால் நாற்றாகவே வாங்க வழியுண்டா என்று விசாரியுங்கள். பராமரிப்பவருக்கு நுனி கிள்ளவும் வாடிய பூ எடுக்கவும் வாரம் இரண்டு மணி நேரக் கூலியைச் சேர்த்தே கணக்கிடுங்கள். அந்தக் கூலி இல்லாத திட்டத்தில் எந்த விலைக்கு வாங்கிய செடியும் ஒரு மாதத்துக்கு மேல் பூக்காது.

பங்குனியில் விதை எடுத்து வைப்போர் கவனத்துக்கு: நாட்டுச் செண்டுமல்லி, காஸ்மாஸ், கோழிக்கொண்டை, வாடாமல்லி விதையை எடுக்கலாம். நல்ல செடியைக் குறித்து வைத்து, அதில் மட்டும் பூவைக் கிள்ளாமல் செடியிலேயே காய விட்டு, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒட்டு ரகப் பெட்டூனியாவின் விதையை எடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு தாய்ச்செடி போல் வராது. அதைப் புரட்டாசியில் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் சோதனைத் தேதியைப் பாருங்கள். கடை வெயிலில் ஒரு கோடையைக் கழித்த பாக்கெட் பாதிகூட முளைக்காது.

இப்படிக்கு,
தோட்டக்கலை ஆர்வலர்,
குரோம்பேட்டை, சென்னை.